கையில் நாடி இல்லை! ஜப்பானிலிருந்து வேலூர் வரை ஒரு நோயின் வரலாறு

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் ராமானுஜர் அவதரித்த ஊர் என்பார்கள். 1991-க்குப் பிறகு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்று உலகம் அறிந்தது. இன்று கேட்டால் 'கம்பெனி ஊர்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறந்தது. பின்னர் மறுபடியும் செல்போன் தொழில் பெரிய அளவில் திரும்பி வந்தது.

இந்தத் தொழிற்சாலைகளோடு கூடவே தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் பெண் தொழிலாளர்களுக்காகத் திறக்கப்பட்ட தங்கும் வளாகத்தில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். பெரும்பாலும் பதினெட்டிலிருந்து முப்பதுக்குள் வயது. ஷிப்ட் முழுக்கக் கைக்குத்தான் வேலை.

இதே வயதுப் பெண்களை அதிகமாகத் தாக்கும் ஒரு நோய் இருக்கிறது. கைக்கு வரும் இரத்தத்தை அது மெல்ல மெல்ல அடைக்கும். மணிக்கட்டில் விரல் வைத்தால் நாடி தெரியாது. நோயின் பெயர் தகயாசு தமனி அழற்சி. பழைய மருத்துவப் புத்தகங்களில் இதற்கு 'நாடியில்லா நோய்' என்றே பெயர்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலை வேலை இந்த நோயை உண்டாக்குவதில்லை. அபூர்வமான நோய்தான். ஆனால் இந்த வயதில் இத்தனை பேர் ஒரே இடத்தில் கூடியிருக்கும்போது, இதை அறிந்து வைத்திருப்பது நல்லது. இன்னொரு காரணமும் உண்டு. இந்த நோயைப் பற்றி உலகம் கற்றுக்கொண்டதில் ஒரு பெரிய பங்கு, ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் அதே பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேலூரில் நடந்தது.

கைக்கு இரத்தம் எப்படிப் போகிறது?

இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி மேலே போய், குடைக் கைப்பிடி போல வளைந்து, கீழே இறங்குகிறது. அந்த வளைவிலிருந்துதான் தலைக்கும் கைகளுக்கும் கிளைகள் பிரிகின்றன. காறை எலும்புக்கு அடியில் போகும் கிளைதான் கைக்கு இரத்தம் கொண்டு போகிறது. அதுவே அக்குளைத் தாண்டிப் புயத்துக்கு வந்து, முழங்கையில் இரண்டாகப் பிரிந்து, மணிக்கட்டில் நாம் தொட்டுப் பார்க்கும் நாடியாகிறது.

தகயாசு நோயில் உடலின் எதிர்ப்பு சக்தி, காரணம் சரியாகத் தெரியாமலே, இந்தப் பெரிய குழாய்களின் சுவரைத் தாக்குகிறது. சுவர் வீங்கித் தடிக்கிறது. உள்துவாரம் சுருங்குகிறது. இடது காறையெலும்புத் தமனிதான் அதிகமாக அகப்பட்டுக்கொள்ளும் குழாய்களில் ஒன்று. அதனால் இடது கையில் முதலில் தெரிவது உண்டு.

இந்த அடைப்பு ஒரே நாளில் வருவதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்கிறது. அதற்குள் உடல் சும்மா இருக்காது. தோளைச் சுற்றியுள்ள சிறு குழாய்கள் பெரிதாகி மாற்றுப்பாதை போட்டுவிடும். பிரதான சாலையை அடைத்தால் வண்டிகள் கிராமத்துச் சாலை வழியாகச் சுற்றிப் போவதில்லையா, அப்படித்தான்! அதனால் கை அழுகிப்போவது அபூர்வம். கை சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. கொடியில் துணி காயப்போடும்போதோ, தலை வாரும்போதோ, கையைத் தூக்கி வேலை செய்யும்போதோ கை வலித்து ஓய்ந்துவிடும். இறக்கி வைத்தால் சரியாகிவிடும். 'வேலை அதிகம், தூக்கம் இல்லை' என்று யாருமே அதைச் சட்டை செய்ய மாட்டார்கள். ஆபத்தே இங்குதான் இருக்கிறது.

1908-க்கு முன்பே

நாடி பிடித்துப் பார்ப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. சித்த மருத்துவர்கள் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், கபம் என்று பிரித்துப் பார்த்தார்கள். சீனா, ஜப்பான் மருத்துவத்திலும் நாடிதான் முக்கியம். எனவே நாடியே இல்லாத ஓர் ஆளைக் கண்டால் வைத்தியர் திகைத்துத்தானே போவார்? 1830-ல் ஜப்பானில் ரோகுஷு யமமோட்டோ என்ற வைத்தியர் அப்படி ஒரு 45 வயது ஆணைப் பற்றி எழுதி வைத்தார். முதலில் விடாத காய்ச்சல், பிறகு கையில் நாடி காணோம்.

1856-ல் லண்டனில் வில்லியம் சேவரி என்ற அறுவை மருத்துவர் ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். இரண்டு கைகளின் பெருந்தமனிகளும், கழுத்தின் இடப்புறத் தமனிகளும் முழுக்க அடைபட்டிருந்தன. இன்றைய கண்ணோட்டத்தில் அது தகயாசு நோயாகவே இருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஆனால் அன்று அதற்குப் பெயரும் இல்லை, சிகிச்சையும் இல்லை.

கண் மருத்துவர் கண்ட வளையம்

மிகிடோ தகயாசு (1860-1938) இதய மருத்துவர் அல்ல, கண் மருத்துவர் என்பதுதான் இந்த வரலாற்றின் சுவாரசியமான பகுதி. ஜப்பானின் கனசாவா நகரில் பேராசிரியராக இருந்தவர். 1908-ல் ஜப்பான் கண் மருத்துவச் சங்கத்தின் 12-வது கூட்டத்தில் 21 வயதுப் பெண் ஒருவரின் கண்ணில் தான் கண்டதைச் சொன்னார். விழித்திரையில், பார்வை நரம்பு தொடங்கும் இடத்தைச் சுற்றி, இரத்தக் குழாய்கள் மாலை போல வளைந்து ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன.

அவர் நாடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை! அதே கூட்டத்தில் இருந்த ஓனிஷி, ககோஷிமா என்ற இருவர்தான் எழுந்து, தங்களிடமும் இப்படி நோயாளிகள் இருந்ததாகவும், அவர்கள் மணிக்கட்டில் நாடி தெரியவில்லை என்றும் சொன்னார்கள். கண்ணுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்? கழுத்து வழியாகத் தலைக்குப் போகும் தமனியும், கைக்குப் போகும் தமனியும் ஒரே வளைவிலிருந்துதான் பிரிகின்றன. அங்கே அடைப்பு வந்தால் கண்ணுக்கும் இரத்தம் குறையும், கைக்கும் குறையும். கண்ணில் தெரிந்த வளையம், இரத்தம் போதாத விழித்திரை தானே போட்டுக்கொண்ட மாற்றுப்பாதை.

1951-ல் ஷிமிசு, சானோ என்ற இரு ஜப்பானிய மருத்துவர்கள் ஆங்கிலத்தில் 'நாடியில்லா நோய்' என்ற பெயரில் கட்டுரை வெளியிட்ட பிறகுதான் மேலை நாட்டு மருத்துவர்கள் பரவலாகக் கவனித்தார்கள்.

கூட்டம் நடப்பதற்கு மூன்று வருடம் முன்பு, 1905-ல், ரஷ்யாவின் கொரோட்கோவ் கைப்பட்டையும் ஸ்டெதஸ்கோப்பும் கொண்டு இரத்த அழுத்தம் அளக்கும் முறையைச் சொல்லியிருந்தார். எந்தப் பரிசோதனையிலும் இன்றுவரை கையில் பட்டை கட்டுகிறோமே, அதே முறை. தகயாசு நோயைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான கருவி இல்லை. இரண்டு கைகளிலும் அளந்தால் போதும். 1990-ல் அமெரிக்க ருமாட்டாலஜி கல்லூரி வெளியிட்ட ஆறு அடையாளங்களைப் பாருங்கள்:

1. 40 வயதுக்குள் தொடங்குவது
2. வேலை செய்யும்போது கை, கால் ஓய்ந்து வலிப்பது
3. புயத்தில் நாடி குறைவது
4. இரண்டு கைகளுக்கும் இடையே இரத்த அழுத்தம் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்படுவது
5. காறையெலும்புத் தமனியிலோ மகாதமனியிலோ ஸ்டெதஸ்கோப்பில் உரசல் சத்தம் கேட்பது
6. தமனிப் படத்தில் அடைப்பு தெரிவது

ஆறில் மூன்று இருந்தால் இந்த நோய் என்று வகைப்படுத்தினார்கள். முதல் ஐந்துக்கும் விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 2022-ல் இதைத் திருத்திப் புதிய விதிகள் வந்துவிட்டன. அவற்றிலும் நாடிக்கும், கைகளின் அழுத்த வித்தியாசத்துக்கும் இடம் உண்டு.

இந்தியாவுக்கு வந்த கதை

ஜப்பானியப் பெண்களின் நோய் என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தபோது, மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இந்திய நோயாளிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அங்கே அறுவை மருத்துவர் பி.கே.சென், நோய்க்குறியியல் நிபுணர் எஸ்.ஜி.கினாரே ஆகியோர் குழு 1963-ல் 'நடு மகாதமனி நோய்' பற்றி எழுதியது. 1973-ல் 101 நோயாளிகளைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார்கள். 1968-ல் இந்தியாவின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தவரும் இதே சென்தான்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்திலிருந்து 1989-ல் 88 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வந்தது. 1997-ல் 80 ஜப்பானியரையும் 102 இந்தியரையும் ஒப்பிட்டபோது ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஜப்பானில் மேலே, வளைவிலும் கைத் தமனிகளிலும் நோய் அதிகம். இந்தியாவில் கீழே, வயிற்று மகாதமனியிலும் சிறுநீரகத் தமனிகளிலும் அதிகம். ஜப்பானில் ஏறக்குறைய எல்லோருமே பெண்கள். இங்கே ஆண்களும் கணிசமாக இருந்தார்கள்.

இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைந்தால் உடல் இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆனால் கைத் தமனியும் அடைபட்டிருந்தால், அந்தக் கையில் அளக்கும் அழுத்தம் குறைவாகவே காட்டும். உண்மையில் 200 இருக்கும், கருவி 100 என்று சொல்லும்! 'பிரஷர் நார்மல்' என்று அனுப்பிவிடுவார்கள். உள்ளே இதயமும் மூளையும் அடி வாங்கிக்கொண்டிருக்கும். இதனால்தான் இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு கைகளிலும், தேவைப்பட்டால் கால்களிலும் அளந்து பார்க்கிறார்கள்.

சிகிச்சை: மூன்று பாதைகள்

முதல் பாதை மருந்து. 1940-களின் கடைசியில் கார்ட்டிசோன் வந்தது, அதற்கு 1950-ல் நோபல் பரிசும் கிடைத்தது. அழற்சியை அடக்கும் மருந்து என்பதால் தகயாசு நோய்க்கும் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது, உடம்பு தேறியது. சிலருக்கு மறைந்த நாடி திரும்பியும் வந்தது. ஆனால் மருந்தைக் குறைத்ததும் பலருக்கு நோய் மறுபடி தலை தூக்கியது. நீண்ட நாள் சாப்பிட்டால் முகம் வீங்கும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், அடங்கிக் கிடந்த காசநோய் எழுந்துகொள்ளும். அதனால் 1980-கள், 90-களில் சைக்ளோபாஸ்பமைடு, மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளைச் சேர்த்து ஸ்டீராய்டைக் குறைக்கப் பார்த்தார்கள்.

1994-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 60 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு ஒரு பெரிய அதிர்ச்சியைத் தந்தது. நோய் அடங்கிவிட்டது என்று நம்பி அறுவை செய்தவர்கள் சிலரின் தமனித் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால், அழற்சி உள்ளே எரிந்துகொண்டேதான் இருந்தது! இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது என்று தெரிந்தது.

இரண்டாவது பாதை அறுவை. 1950-களில் டெக்ரான் துணிக் குழாய்கள் வந்த பிறகு, அடைபட்ட இடத்தைத் தாண்டிப் புதுக் குழாய் தைப்பது சாத்தியமானது. கழுத்துத் தமனியிலிருந்து கைத் தமனிக்கு ஒரு பாலம் போட்டால் கைக்கு இரத்தம் வரும்.

1961-ல் மருத்துவ உலகம் 'இரத்தத் திருட்டு' என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தது. காறையெலும்புத் தமனி தொடக்கத்திலேயே அடைபட்டால், கை தனக்கு வேண்டிய இரத்தத்தை மூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனியிலிருந்து பின்னோக்கி இழுத்துக்கொள்ளும். கை வேலை செய்யும்போது தலை சுற்றும், சிலர் மயங்கியும் விழுவார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு இரத்த ஓட்டத்தைச் சரிசெய்வது உண்மையிலேயே உதவுகிறது.

மூன்றாவது பாதை பலூன். 1964-ல் சார்லஸ் டாட்டர் குழாய் வழியாகவே அடைப்பைத் திறந்து காட்டினார். 1974-ல் கிரன்ட்சிக் பலூன் கொண்டு வந்தார். தில்லி ஜி.பி.பந்த் மருத்துவமனையில் சஞ்சய் தியாகி குழுவினர் 1990-களில் தகயாசு நோயாளிகளின் தமனிகளைப் பலூனால் விரித்த அனுபவம் உலக அளவில் கவனிக்கப்பட்டது. ஆனால் இந்தத் தமனிகள் கெட்டியானவை. விரித்தாலும் மறுபடி சுருங்கும்.

மூன்றுக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. தீ எரியும்போது வீட்டுக்குச் சுவர் கட்டக் கூடாது! அழற்சியை மருந்தால் அடக்கிய பிறகே அறுவையோ பலூனோ செய்ய வேண்டும், அவசரம் என்றால் தவிர. 2021-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. கை வலி மட்டுமே இருந்து நோயும் அடங்கியிருந்தால் அவசரப்பட்டுக் கத்தி வைக்க வேண்டியதில்லை, மாற்றுப்பாதைகள் வளர இடம் கொடுக்கலாம் என்பதும் அதில் உண்டு.

வேலூரின் பங்கு

1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி., 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்தது. பெண்கள் ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்கி இறந்துபோன காலத்தில் பெண்களுக்காகவே எழுந்த மருத்துவமனை அது. அங்கேயே பின்னாளில் இளம்பெண்களை அதிகம் தாக்கும் இந்த நோய்க்கு இந்தியாவின் பெரிய சிகிச்சை மையங்களில் ஒன்று உருவானது பொருத்தம்தான்.

அங்கு தேபாசிஷ் தண்டா தலைமையிலான ருமாட்டாலஜி துறை, ருச்சிகா கோயல் போன்றவர்களோடு சேர்ந்து நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. 2010-ல் 21 நோயாளிகளுக்கு மைக்கோபினோலேட் என்ற மருந்தைக் கொடுத்து, நோயின் வேகமும் ஸ்டீராய்டின் அளவும் குறைவதைக் காட்டினார்கள். இது சிறுநீரக மாற்று செய்தவர்களுக்குக் கொடுக்கும் மருந்து. 2018-ல் 251 நோயாளிகளின் நீண்டகால முடிவுகளை வெளியிட்டார்கள். அபூர்வ நோய் ஒன்றில் ஒரே மருத்துவமனையிலிருந்து இத்தனை பேர் என்பது சாதாரணமல்ல.

இன்னொன்றும் முக்கியம். நோய் எரிகிறதா அடங்கிவிட்டதா என்று எப்படி அறிவது? லக்னோவின் ஆர்.மிஸ்ராவும் வேலூரின் தண்டாவும் பிற இந்திய மருத்துவர்களும் சேர்ந்து ஒரு மதிப்பெண் பட்டியல் தயாரித்தார்கள். 2013-ல் வெளிவந்த இதில் 44 கேள்விகள், அவற்றில் 33 இதயமும் இரத்தக் குழாயும் பற்றியவை. கடந்த மூன்று மாதத்தில் புதிதாக வந்ததற்கோ மோசமானதற்கோ மட்டும்தான் மதிப்பெண். பத்து வருடமாக இல்லாத நாடிக்கு மதிப்பெண் கிடையாது, சென்ற மாதம் காணாமல் போன நாடிக்கு உண்டு! பெயரிலேயே 'இந்திய' என்ற சொல்லோடு இந்தப் பட்டியல் வெளிநாட்டு ஆய்வுகளிலும் பயன்படுகிறது.

டோசிலிசுமாப் போன்ற புதிய ஊசி மருந்துகளும் வந்துள்ளன. ஜப்பானில் 36 பேரிடம் நடந்து 2018-ல் வெளிவந்த சோதனையில் அதன் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. ஆனாலும் நோய் திரும்புவதைத் தள்ளிப்போடும் சாயல் தெரிந்தது. விலைதான் எட்டாத தூரத்தில் இருக்கிறது.

இளம்பெண்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். மெத்தோட்ரெக்சேட்டும் மைக்கோபினோலேட்டும் வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். எனவே கல்யாணம், குழந்தை பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் ஆபத்து.

எல்லாக் கைவலியும் இதுவல்ல

கைக்கு இரத்தம் குறைய வேறு காரணங்களும் உண்டு. கழுத்தில் பிறவியிலேயே கூடுதலாக இருக்கும் ஒரு விலா எலும்பு தமனியை நெருக்கலாம். 1861-லேயே லண்டனில் ஹோம்ஸ் கூட் என்பவர் அந்த எலும்பை எடுத்திருக்கிறார். குளிரில் விரல் வெளுப்பதை 1862-ல் மாரிஸ் ரேனோ விவரித்தார். அதிரும் கருவிகளைப் பிடித்து வேலை செய்பவர்களுக்கும் விரல் வெளுக்கும். 1918-ல் அமெரிக்காவில் இண்டியானா மாநிலக் கல் உடைப்பவர்களிடம் இதைப் பரிசோதித்தவர் ஆலிஸ் ஹாமில்டன். கிரைண்டிங், பெட்டலிங் வேலை நடக்கும் ஒரகடம் போன்ற இடங்களில் இதையும் மறக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. அதனால்தான் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வலி மாத்திரை மட்டும் போடுவது தவறு.

நாற்பது வயதுக் கணக்கு

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றி அரசு அறிவித்தபோது, 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு வருடம் ஒருமுறை இலவச உடல் பரிசோதனை என்று சொன்னது. நல்ல விஷயம்தான். மாரடைப்பும் சர்க்கரையும் அந்த வயதில்தான் அதிகம்.

ஆனால் தகயாசு நோயின் பட்டியலில் முதல் வரி என்ன? 40 வயதுக்குள் தொடங்குவது! பரிசோதனை தொடங்கும் வயதில், இந்த நோய் தன் வேலையை முடித்திருக்கும். வேலையில் சேரும்போது ஒருமுறை, ஒரு கையில் மட்டும் அழுத்தம் பார்த்துவிட்டு அனுப்பினால் சிலர் தப்பிவிடலாம். அடைபட்ட கையில் தானியங்கிக் கருவி சில நேரம் அழுத்தம் காட்டாமல் பிழை காட்டும். 'மெஷின் சரியில்லை' என்று அடுத்த கைக்கு மாற்றி எழுதிவிடுவது சுலபம். அந்தப் பிழையே ஒரு சேதியாக இருக்கலாம்.

நோய் தெரிந்துவிட்டால் வேலை போய்விடுமோ என்ற பயமும் உண்டு. அந்தப் பயத்தால் மறைக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு தமனி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் இந்த நோயோடு வேலை பார்த்து, குடும்பம் நடத்திப் பல வருடம் வாழலாம் என்பதைத்தான் வேலூரின் நோயாளிகள் காட்டியிருக்கிறார்கள். சென்னையில் அரசு பொது மருத்துவமனையிலும் இரத்தநாள அறுவைக்குத் தனித் துறை இருக்கிறது.

ஜப்பானில் ஒரு கண் மருத்துவர் வளையத்தைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த இருவர் நாடியைச் சொன்னார்கள். அவர்கள் சொல்லாமல் இருந்திருந்தால் அது ஒரு கண் நோயாகவே நின்றிருக்கும். நூறு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. கருவிகள் மாறிவிட்டன, மருந்துகள் மாறிவிட்டன. முதல் பரிசோதனை மட்டும் மாறவில்லை. இளவயதில் காரணமில்லாத காய்ச்சல், எடைக் குறைவு, கை தூக்கினால் ஓய்ச்சல், தலைசுற்றல் இருந்தால் இரண்டு மணிக்கட்டிலும் விரல் வைத்துப் பாருங்கள். ஒன்றில் துடிப்பு குறைவாகத் தெரிந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போய், 'இரண்டு கையிலும் பிரஷர் பாருங்கள்' என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை!